கழுத்துக்குள் லிகமென்ட் எலும்பாகிவிட்டதாம், அப்பாவால் அண்ணாந்து தண்ணீர் குடிக்க முடியவில்லை

திண்ணைக்காரன்

வணக்கம். கேள்வி அப்பாவைப் பற்றி. வயது 62, சர்க்கரை 15 வருடமாக இருக்கிறது, உடம்பும் கொஞ்சம் கனம். இரண்டு வருடமாகவே வண்டி ஓட்டும்போது பின்னால் பார்க்க வேண்டுமென்றால் கழுத்தைத் திருப்பாமல் இடுப்போடு சேர்த்து மொத்தமாகத் திரும்புவார். வயசாகிறது, அப்படித்தான் இருக்கும் என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

எங்கள் வீட்டில் செம்பில் வாய் வைத்துக் குடிப்பது பெரிய குற்றம், பாட்டி காலத்துச் சட்டம். போன பொங்கலன்று அப்பா செம்பை வாயில் வைத்து உறிஞ்சிக் குடிப்பதைப் பார்த்து அம்மா சண்டைக்குப் போக, "அண்ணாந்தா தண்ணி மூக்குல ஏறுது, தலை பின்னாடி போக மாட்டேங்குது" என்றார். அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. எக்ஸ்ரே எடுத்தோம், பிறகு சி.டி. எடுக்கச் சொன்னார்கள். மூன்றாவது கழுத்து எலும்பிலிருந்து ஆறாவது வரை ஓ.பி.எல்.எல். (எலும்புகளின் பின்பக்க லிகமென்ட் எலும்பாவதற்கான ஆங்கிலச் சுருக்கமாம்), கலப்பு வகை, குறுகலான இடத்தில் தண்டுவடத்துக்கு மிச்சம் 9 மில்லிமீட்டர் என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. டாக்டர் இரண்டு நிமிடம் பேசினார். லிகமென்ட் எலும்பாக மாறியிருக்கிறது, இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், ஆறு மாதம் கழித்து வாருங்கள், கழுத்தைச் சொடுக்காதீர்கள். அவ்வளவுதான். வெளியே முப்பது பேர் காத்திருந்தார்கள், நானும் கேட்காமல் வந்துவிட்டேன்.

லிகமென்ட் எப்படி எலும்பாகும்? பயிற்சி செய்தால் இளகிக் கழுத்து பழையபடி திரும்புமா? வலி அவ்வளவாக இல்லை, அதனால் "எனக்கு ஒண்ணுமில்ல" என்பதுதான் அப்பாவின் பதில். சித்தப்பா வேறு, தைலம் போட்டு உருவி, சலூனில் இரண்டு சொடக்கு எடுத்தால் சரியாகிவிடும் என்று தினமும் போன் செய்கிறார்.

கட்டைவிரல்

நான் பிசியோதெரபிஸ்ட், 14 வருடமாக இதே வேலை. முதலில் சித்தப்பாவின் போனை எடுக்காதீர்கள்.

கழுத்து எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பெட்டிகள் மாதிரி. அவற்றைக் கட்டி நிறுத்துவது லிகமென்ட் என்கிற நார்ப்பட்டை. முன்பக்கம் ஒன்று, எலும்புகளின் பின்பக்கத்தை ஒட்டி ஒன்று, அதற்கும் பின்னால் வளைவுகளுக்கு நடுவில் மஞ்சளாக ஒன்று. அப்பாவுக்குப் பிரச்சினை இரண்டாவதில். அது தண்டுவடம் ஓடும் கால்வாய்க்குள்ளேயே, தண்டுவடத்துக்கு நேர் முன்னால் இருக்கிறது. சணல் கயிற்றில் சிமென்ட் பாலை ஊற்றி ஊற்றிக் காயவைத்தால் எப்படி விறைக்குமோ அப்படி, பல வருடங்களில் அந்த நார் உண்மையான எலும்பாகவே மாறுகிறது. வெறும் சுண்ணாம்புப் படிவு இல்லை இது, மஜ்ஜை உள்ள எலும்பாகக்கூட ஆகிவிடும். ஏன் என்று கேட்டால் பரம்பரை ஒரு பங்கு, சர்க்கரையும் பருமனும் ஒரு பங்கு. பால் அதிகம் குடித்ததாலோ கால்சியம் மாத்திரை போட்டதாலோ வந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இப்போது அசைவு. தலையைப் பக்கவாட்டில் திருப்புவதில் ஏறக்குறைய பாதி, மேலே உள்ள முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவில்தான் நடக்கிறது. "ஆமாம்" என்று லேசாகத் தலையாட்டுவது மண்டையோட்டுக்கும் முதல் எலும்புக்கும் நடுவில். பெரிதாகக் குனிவதும் அண்ணாந்து பார்ப்பதும் நடுக்கழுத்தை நம்பித்தான் இருக்கிறது, முக்கியமாக 4, 5, 6 எலும்புகளை. ஓ.பி.எல்.எல். அதிகம் பிடிப்பதும் அந்த இடத்தைத்தான். அதனால் இவர்களுக்கு முதலில் போவது பெரும்பாலும் அண்ணாந்து பார்ப்பது. உங்கள் அம்மா செம்பை வைத்துக் கண்டுபிடித்தது டாக்டர் வேலை!

பயிற்சியால் அந்த எலும்பு இளகாது. இளக்கும் மாத்திரையோ ஊசியோ தைலமோ இன்றைக்கு இல்லை. சுற்றியுள்ள தசை இறுக்கம் வேண்டுமானால் குறையும், தலையைக் கையால் லேசாகத் தள்ளி அசையாமல் எதிர்க்கும் பயிற்சி, தோள்பட்டைப் பயிற்சி, அது போதும். டிராக்ஷன் என்று கழுத்தை இழுத்துக் கட்டுவது, வலுக்கட்டாயமாக வளைப்பது, தலையைத் தரையில் வைக்கும் ஆசனம், இதெல்லாம் கூடாது.

சித்தர்வழி88

எல்லாவற்றுக்கும் ஆங்கில மருத்துவம்தான் என்று சொல்வது சரியில்லை. என் மாமனாருக்கு இதே கழுத்துப் பிடிப்பு, 21 நாள் எண்ணெய் வைத்து நீவினார்கள், இன்று தென்னை மரத்தை அண்ணாந்து பார்த்துக் காய் எண்ணுகிறார். தாத்தா காலத்திலிருந்து நாவிதர் கழுத்துச் சொடக்கு எடுக்கிறார், எத்தனை பேர் படுத்துவிட்டார்கள்?

இருட்டறை

ஐயா, மாமனாருக்கு வந்தது தசைப்பிடிப்பாக இருந்திருக்கும், சி.டி. எடுத்தீர்களா? எடுக்கவில்லை என்றால் இரண்டையும் ஒப்பிட முடியாது. எண்ணெய் தேய்ப்பதை யாரும் குறை சொல்லவில்லை, மேலாக, மெதுவாகத் தேய்த்தால் சுகமாகத்தான் இருக்கும். தாடையையும் பின்தலையையும் பிடித்து 'டக்'கென்று முறுக்குவதுதான் பிரச்சினை. சாதாரணக் கழுத்தில் தண்டுவடத்தைச் சுற்றிக் கொஞ்சம் காலி இடம் இருக்கிறது, அது அடி வாங்கிக்கொள்ளும். இவர் அப்பாவுக்கு அந்த இடமே இல்லை.

நான் சி.டி., எம்.ஆர்.ஐ. எடுக்கும் டெக்னீஷியன், டாக்டர் இல்லை, படத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நடுக்கழுத்தில் கால்வாய் முன்பின்னாக ஏறக்குறைய 17 மி.மீ. இருக்கும், தண்டுவடம் சுமார் 8. ஜப்பானில் இந்த நோயாளிகளைப் பல வருடம் பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். மிச்ச இடம் 6 மி.மீ.க்குக் கீழே போனவர்கள் எல்லோருக்கும் தண்டுவடப் பாதிப்பு இருந்தது, 14க்கு மேல் இருந்தவர்களுக்கு இல்லை. இடைப்பட்டவர்களில் யாருக்கு வருகிறது என்பதைக் கழுத்தின் ஆட்டம்தான் தீர்மானித்தது. அசைவு அதிகம் மிச்சம் இருந்தவர்களுக்குத்தான் அதிகம் வந்தது! கேட்டால் தலைகீழாகத் தோன்றும். கழுத்து ஆடும்போதெல்லாம் அந்த எலும்பு மேட்டின்மேல் தண்டுவடம் உரசுகிறது. முழுதாக ஒட்டிப்போன கழுத்தில் உரசல் இல்லை, உடம்பே போட்டுக்கொண்ட மாவுக்கட்டு மாதிரி.

அப்பாவுக்கு 9. அதாவது நடுவில் இருக்கிறார், பயந்து ஓட வேண்டிய எண் இல்லை, மறந்துவிட வேண்டிய எண்ணும் இல்லை. "கலப்பு வகை" என்றால் சில எலும்புகளின் பின்னால் தொடர்ந்து ஒரே பாளமாகவும், ஓரிடத்தில் விட்டும் இருக்கும். அந்த விட்ட இடம் எந்த டிஸ்க் மட்டத்தில் வருகிறது என்று டாக்டரிடம் கேளுங்கள்.

இன்னொன்று. எம்.ஆர்.ஐ. எடுத்தீர்களா? சி.டி.யில் எலும்பு தெளிவாகத் தெரியும், தண்டுவடம் நசுங்கி உள்ளே நிறம் மாறியிருக்கிறதா என்பது எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும். ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்றில்லை.

லேத்துக்காரர்

மேலே அந்த "விட்ட இடம்" என்று சொன்னாரே, அது நான்தான். எனக்கு வயது 57, லேத் பட்டறை வைத்திருந்தேன். இரண்டு கப்ளிங்கை வெல்டு வைத்துவிட்டால் மூன்றாவது கப்ளிங்தான் எல்லா ஆட்டத்தையும் வாங்கித் தேயும், ஆபரேஷன் செய்த டாக்டருக்கு நான் சொன்ன உதாரணம் இது, அவர் சிரித்துவிட்டு ஆமாம் என்றார். எனக்கு 3லிருந்து 5 வரை ஒட்டியிருந்தது, 5க்கும் 6க்கும் நடுவில் ஒட்டவில்லை. அங்கேதான் நசுங்கியது.

என் கதை வேறு மாதிரி ஆரம்பித்தது. கழுத்து விறைப்பை நான் கவலையாகவே எடுக்கவில்லை. ஒரு நாள் நடந்து பட்டறைக்குள் வந்துவிட்டேன், பையன் சொல்கிறான், "ஒத்தச் செருப்போட வரீங்க". வலது செருப்பு தெரு முனையிலேயே கழன்று கிடந்தது, எனக்குத் தெரியவே இல்லை. அப்புறம் வெர்னியர் அளவுகோல் கையில் நிற்கவில்லை. சட்டைப் பொத்தான் போட ஐந்து நிமிடம். சோற்றைப் பிசைந்தால் விரல் இடுக்கு வழியாகப் போய்விடும், வீட்டில் யாரும் பார்க்காதபோது ஸ்பூனில் சாப்பிட ஆரம்பித்தேன். வலி? ஒரு நாள்கூட இல்லை. வலி இல்லை என்பதை வைத்து அப்பாவை விட்டுவிடாதீர்கள், தண்டுவடம் நசுங்கும்போது பல பேருக்கு வலிக்காது.

முதலில் போன இடத்தில் கழுத்துத் தேய்மானம் என்று ஒன்றரை வருடம் பெல்ட்டும் டிராக்ஷனும். பெயர் சொல்ல விரும்பவில்லை, சொல்லி என்ன ஆகப்போகிறது. எக்ஸ்ரேயில் பின்பக்கம் வெள்ளைக் கோடாகத் தெரிந்ததாம், பார்க்கவில்லை. இரண்டாவது இடத்தில் நரம்பியல் டாக்டர் உள்ளங்கையை நீட்டச் சொல்லி, பத்து வினாடியில் எத்தனை தடவை கையை மூடித் திறக்கிறேன் என்று எண்ணினார். முழுதாக மூட வேண்டும், முழுதாக விரிக்க வேண்டும். சாதாரணமாக 20க்கு மேல் வரும். எனக்கு வலது கை 11. அன்றைக்கே அட்மிஷன் எழுதிவிட்டார்.

லாமினோபிளாஸ்டி செய்தார்கள். பின்பக்க எலும்பு வளைவை ஒரு பக்கம் வெட்டி, மறுபக்கத்தைக் கீல் மாதிரி வைத்துக் கதவைத் திறந்தாற்போல் விரித்து வைப்பது, தண்டுவடம் பின்னால் நகர்ந்துகொள்ளும். ஜப்பானில் ஹிராபயாஷி என்பவர் 1977இல் தொடங்கிய முறை என்று பிறகு தெரிந்துகொண்டேன். முன்னால் இருக்கும் எலும்பை இதில் எடுப்பதில்லை. கை இப்போது 19 வருகிறது, நடை பரவாயில்லை, இருட்டில் மட்டும் சுவர் பிடிக்க வேண்டும். ஆனால் ஒரு விஷயம் யாரும் முன்கூட்டியே அழுத்தமாகச் சொல்லவில்லை, ஆபரேஷனால் கழுத்து அசைவு அதிகமாகாது, எனக்கு இன்னும் கொஞ்சம் குறைந்துதான் போனது. இது கைகாலைக் காப்பாற்ற, கழுத்தைத் திருப்ப அல்ல. அதை மனதில் வைத்து முடிவெடுங்கள். முதல் இரண்டு மாதம் இடது தோளைத் தூக்க முடியாமல் இருந்தது, ஐந்தாவது நரம்பு வேரில் வரும் பலவீனமாம், சிலருக்கு வருவதுதான் என்றார்கள், எனக்குத் தானாகவே திரும்பியது.

கட்டைவிரல்

லேத்துக்காரர் சொன்ன செருப்பு, அது இந்த நோயில் நான் திரும்பத் திரும்பக் கேட்கும் கதை. ஷூ போடும் ஊரில் இது இப்படி வெளியே தெரியாது. சொல்ல விட்டது ஒன்று: அண்ணாந்தால் கால்வாய் இன்னும் குறுகும், பின்னால் இருக்கும் மஞ்சள் லிகமென்ட் மடிந்து உள்ளே வரும். ஆகவே அப்பா செம்பில் வாய் வைத்துக் குடிப்பது சரிதான், டம்ளர் கொடுத்துவிடுங்கள். சலூனில் தலையைப் பின்னால் சாய்த்துக் கழுவும் தொட்டி, பல் டாக்டர் நாற்காலி, ஒட்டடை அடிப்பது, மேலே ஏறி பல்பு மாற்றுவது எல்லாம் வேண்டாம். எந்த ஆபரேஷனுக்குப் போனாலும், கண்புரைக்கே போனாலும், மயக்க மருந்து டாக்டரிடம் கழுத்து பின்னால் போகாது என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மூச்சுக்குழாய் போடும்போது அவர்கள் தலையைப் பின்னால் சாய்ப்பார்கள்.

விழக் கூடாது, அதுதான் பெரிய பயம். பாத்ரூமில் வழுக்கி நெற்றி இடித்தால் நமக்கு வீக்கத்தோடு போய்விடும், இவர்களுக்கு அதே அடியில் கைகால் போகலாம். பாத்ரூமில் கைப்பிடி போடுங்கள். வண்டியை விடச் சொல்லுங்கள், பின்னால் பார்க்க முடியாதவர் ஓட்டுவதே தப்பு. இதைச் சொன்னால் அப்பாக்கள் கேட்க மாட்டார்கள், தெரியும்.

புதுவாசகி

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். என் தம்பிக்கு 29 வயது, அவனுக்கும் முதுகும் கழுத்தும் விறைப்பு, காலையில் எழுந்தால் ஒரு மணி நேரம் அசைய முடியாது, நடந்தால் விடுகிறது. இதுவும் அதே லிகமென்ட் நோயா?

இருட்டறை

பெரும்பாலும் இல்லை. இளவயது, காலை விறைப்பு, அசைந்தால் குறைவது, படுத்தால் கூடுவது, இந்த நான்கும் சேர்ந்தால் அன்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்கிற அழற்சி நோயா என்று பார்ப்பார்கள். அது இடுப்பில் ஆரம்பித்து மேலே ஏறும், ஹெச்.எல்.ஏ. பி27 என்ற ரத்தப் பரிசோதனை கேட்பார்கள். அதற்கு மருந்து இருக்கிறது, சீக்கிரம் போனால் பலன் உண்டு. வாத நோய் நிபுணர் என்று கேட்டுப் போங்கள், கழுத்து வரை வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

மூன்றாவதாக டிஷ் என்று ஒன்று, அது முன்பக்க லிகமென்ட், மெழுகு உருகி வழிந்தாற்போல் நான்கு எலும்பாவது சேர்ந்து ஒட்டியிருக்கும். வயதான, சர்க்கரை உள்ளவர்களிடம்தான் அதிகம் பார்க்கிறேன். கழுத்தில் பெரிதானால் உணவுக்குழாயை அழுத்தி விழுங்கச் சிரமம். ஒரே ஆளுக்கு முன்னால் டிஷ், பின்னால் ஓ.பி.எல்.எல். இரண்டும் இருப்பதும் உண்டு. திண்ணைக்காரன், அப்பாவுக்குச் சாப்பிடும்போது தொண்டையில் நிற்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

இந்தப் பின்பக்க நோய்க்கு ஒரு காலத்தில் "ஜப்பானிய நோய்" என்றே பெயர். 1960இல் அங்கே ஒரு பிரேதப் பரிசோதனையில் எழுதிய பிறகுதான் உலகம் கவனித்தது, 1975இல் அரசே ஆராய்ச்சிக் குழு வைத்தது. அங்கே பெரியவர்களில் நூற்றுக்கு 2 முதல் 4 பேர் வரை இது இருக்கிறது, ஆண்களுக்கு இரு மடங்கு. நம் ஊரிலும் சி.டி. எடுக்க எடுக்கத் தெரிகிறது. ஆறுதலான ஒன்று, முதலில் வரும்போது தண்டுவடப் பாதிப்பு இல்லாதவர்களில் 30 வருடம் கழித்தும் 71 சதவீதம் பேர் பாதிப்பில்லாமல் இருந்தார்கள் என்பதும் அவர்கள் கணக்குதான். டாக்டர் ஆபரேஷன் வேண்டாம் என்றதற்கு இதுதான் காரணமாக இருக்கும், அலட்சியம் என்று நினைக்க வேண்டாம்.

சித்தர்வழி88

சரி, முறுக்குவது வேண்டாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதைப் பற்றி யாருமே பேசவில்லையே.

கட்டைவிரல்

நியாயமான கேள்வி. சர்க்கரையைக் குறைத்தால் வந்த எலும்பு போகாது. ஆனால் கால் மரத்துப்போவது சர்க்கரையாலா தண்டுவடத்தாலா என்ற குழப்பம் குறையும், ஆபரேஷன் வந்தால் புண் ஆறும். எடையும் குறையட்டும்.

திண்ணைக்காரன்

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு கையை மூடித் திறக்கும் அந்தச் சோதனையைச் செய்தோம். அம்மா செல்போனில் பத்து வினாடி வைத்தார், நான் எண்ணினேன். வலது கை 21. இடது கை 15. அப்பா "நீ தப்பா எண்ணுற" என்று மறுபடி செய்தார், 14. பிறகு அம்மாவும் செய்து பார்த்தார், இரண்டு கையிலும் 24 வந்தது, அப்பா பேசாமல் உட்கார்ந்துவிட்டார்.

சட்டைப் பொத்தானைப் பற்றிக் கேட்டேன். ஆறு மாதமாக மேல் பொத்தானைப் போடுவதே இல்லையாம், வெக்கை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். விழுங்குவதில் பிரச்சினை இல்லை. செருப்பு கழன்றதில்லை என்கிறார், அம்மா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், அதற்கு என்ன அர்த்தம் என்று காலையில் கேட்க வேண்டும்.

ஆறு மாதம் காத்திருக்கலாமா, போகலாமா?

லேத்துக்காரர்

இந்த வாரமே போங்கள். எம்.ஆர்.ஐ. கேளுங்கள், 14 என்ற எண்ணைத் தேதியோடு ஒரு தாளில் எழுதி முதலில் அதைக் காட்டுங்கள். "கழுத்து திரும்பவில்லை" என்று ஆரம்பித்தால் கழுத்தைத்தான் பார்ப்பார்கள். "இடது கை மெதுவாகிவிட்டது, பொத்தான் போட முடியவில்லை" என்று ஆரம்பியுங்கள். சிறுநீர் அவசரமாக வருகிறதா, அடக்க முடியவில்லையா என்பதையும் அப்பாவிடம் தனியாகக் கேளுங்கள், அம்மா முன்னால் சொல்ல மாட்டார், நான் சொல்லவில்லை.

திண்ணைக்காரன்

வியாழக்கிழமை காலை டோக்கன் கிடைத்திருக்கிறது. வண்டிச் சாவி என் பையில் இருக்கிறது, இன்னும் அவருக்குத் தெரியாது. போய்விட்டு வந்து எழுதுகிறேன்.